மயிலையின் பக்கம்

சத்தியம்! எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கவே சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகட்டும். குதிரையின் வயதில் வேண்டுமானால் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம்.

பொத்தை என்கிற சிறு குன்றின் அடிவாரத்தில் பிரமசக்தி அம்மையின் மடம். அங்கே சாப்பிடுகிற வாய் பதினொன்று. பதினொன்றுக்கும் ஒரே ஒரு காடுதான் சோறு போட வேண்டும். அதை உழுகிறவர் பூதலிங்கம், அம்மையின் சீடர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மீசை அவரைவிட மூத்தது. அம்மையே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அவரிடம் ஒரு ஜோடிக் காளை. இடப்பக்கம் செவலை, வலப்பக்கம் மயிலை. பழகிய பக்கத்தை மாற்றிப் பூட்டினால் மாடு திகைத்து நின்றுவிடும். எட்டு வருஷமாக அவர் மாற்றவில்லை.

அந்த வருஷம் மழை ஒரே நாள் தலையைக் காட்டிவிட்டு ஓடிப்போயிற்று. ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். இரண்டாம் நாள் உழவில் மயிலை சாலிலேயே விழுந்து செத்தது. மூன்றாம் நாள் காலையில் பூதலிங்கம் எங்கிருந்தோ இருபது வயதுக் கிழட்டு ஜட்கா குதிரை ஒன்றை இரவல் வாங்கிவந்து, மயிலையின் இடத்தில் பூட்டினார்.

குதிரை நகரவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் தடித்த ஆள் உட்கார்ந்தால் ஒடுங்குவோமே, அப்படி வெளிப்பக்கமாக ஒடுங்கி நடுங்கியது.

"இவ்வளவு இடம் கிடக்கில்ல? நேரா நில்லு, மூதேவி!"

அது காலி இடத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டிக் கனைத்தது.

வெறுத்துப்போய் அவிழ்த்துவிட்டார். நுகத்தடியின் வலமுனை கீழே சாய வேண்டும். சாயவில்லை. அந்தரத்தில் நின்றது. கழுத்தை நுகத்தோடு சேர்க்கிற பூட்டாங்கயிறு, ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றித் தானாக வளைந்து முடிச்சு விழுந்து இறுகியது.

செவலை நடந்தது. கலப்பை கூடவே போயிற்று. செவலைக்கு வலப்பக்கம், பட்டப்பகல் வெயிலில், ஈர மண்ணில் பிளந்த குளம்பு ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே வந்தது. நிழல் மட்டும் இல்லை.

முதல் நாலு சாலுக்குப் பூதலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஐந்தாவது சாலில், தீவனம் மிச்சம் என்று நினைத்தார். ஆறாவதில் மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து, நடுவில் ஒரு சீழ்க்கையோடு. நேற்று மயிலை கடைசியாக விட்ட மூச்சு.

மேழியைப் போட்டுவிட்டு மடத்துக்கு ஓடினார்.

"செத்த மாடு உழுகுது, அம்மை!"

அம்மை புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "கோணாம உழுகுதா?"

"நூல் பிடிச்ச மாதிரி."

"அப்புறம் என்ன குறை, அண்ணாச்சி?"

"பயமா இருக்கு. திருநீறு மந்திரிச்சுத் தாங்க. விரட்டணும்."

"வேலைக்கு வந்தவனைத் திருநீறு போட்டா விரட்டுவாங்க?"

அம்மை கையைக் கழுவிக்கொண்டு கூடவே வந்தார். காட்டில் செவலை அசை போட்டபடி நின்றது. பக்கத்தில் அந்தக் கயிறு விரிந்து விரிந்து சுருங்கியது, உள்ளே ஒரு கழுத்து மூச்சு வாங்குவதுபோல.

"சாயங்காலம் ஏர் அவிழ்க்கும்போது என்ன செய்வீங்க?"

"கழுத்தைத் தடவி, 'போதும், வா'ன்னு சொல்லுவேன். சொல்லாம நுகத்தைத் தூக்கினாலும் ரெண்டும் நகராது. அப்படிப் பழக்கியிருக்கேன்."

"நேத்து மயிலைகிட்டச் சொன்னீங்களா?"

"விழுந்து கிடக்குற மாட்டுகிட்ட யாரு சொல்லுவா? கயிற்றை அறுத்து, இழுத்துட்டுப் போய்ப் புதைச்சோம்."

"வேலை முடிஞ்சதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

பூதலிங்கம் கையை நீட்டினார். முடிச்சுக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. மேற்கே பாதிக் காடு உழாமல் கிடந்தது. அதன் ஓரங்கள் வெயிலில் வெளுக்கத் தொடங்கியிருந்தன. வரப்பில் நிற்கிற குதிரை ஏர் இழுக்குமா என்பது குதிரைக்கே தெரியாது. அவிழ்த்துவிட்டால் பதினொரு வாய்க்கும் அடுத்த வருஷம் என்ன வழி?

குரலைத் தணித்துக்கொண்டார். "அம்மை, நான் கூப்பிடலை. அதுவா வந்து நிக்குது. இன்னும் அரை நாள்தான். அரை நாள் உழுதுட்டுப் போகட்டும். நானே அவிழ்த்துவிடுறேன்."

இழுத்துக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று அடங்கியது. காது கொடுத்துக் கேட்பதுபோல.

"நேத்து அது முழங்கால் மடக்கினப்போ," என்றார் அம்மை, "'இன்னும் கொஞ்சம்'னு அதுகிட்ட எவ்வளவு நேரம் கேட்டீங்க, அண்ணாச்சி?"

பூதலிங்கம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கழுத்தைத் தடவி, "போதும், வா" என்றார். அந்த முடிச்சை அவிழ்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அவிழ்ந்ததும் நுகத்தடியின் வலமுனை கீழே சாய்ந்தது.

கேட்டீர்கள் அல்லவா, இத்தோடு விட்டுவிடுங்கள். சொன்னது யாரென்று எவராவது கேட்டால், காற்றுவாக்கில் வந்தது என்று சொல்லிவையுங்கள். என் பெயர் வேண்டாம்.