மேன்மாடத்திலிருந்து பார்த்த கொடி

முன்னொரு காலத்தில் இலந்தைவள நாட்டைத் திருமேனிராயர் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தாம், ஆனால் காலையில் புகழ்ந்ததை மாலையில் இகழ்வார். அவருடைய நந்தவனத்தின் தலைவர் கச்சிராயர். பூத்திருவிழாவில் மன்னரின் பல்லக்குக்கு முன்னே வெள்ளிப் பூக்குடலையை ஏந்திச் செல்லும் உரிமை பதினெட்டு ஆண்டுகளாக அவருக்கே இருந்தது.

அந்த உரிமைக்கு ஆபத்து வந்தது. வடிவுடையாள் என்னும் பூக்காரியின் வேலியில் சங்குப்பூக்கொடி நீலநீலமாய்ப் பூத்துக் கிடந்ததை மன்னர் ஒருநாள் கண்டார். நந்தவனத்தில் கிழக்கே இருந்த கீழைப் பந்தலை அன்றே அவளிடம் ஒப்படைத்தார். மேற்கே மேலைப் பந்தலில் கச்சிராயர் வளர்த்ததும் சங்குப்பூதான். ஒரே விதை, ஒரே கிணற்று நீர். இருந்தும் அவள் கொடி மூங்கில்களில் ஏறிப் பந்தலெங்கும் பூத்தது. அவர் கொடியோ பாதி மூங்கிலில் நின்று யோசித்தது.

மன்னர் நாள்தோறும் கீழைப் பந்தலின் ஊஞ்சலில் அமரத் தொடங்கினார். கச்சிராயருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பூக்காரியின் பந்தலுக்குள் நுழைவது தமக்கு இழுக்கு என்று எண்ணியவர், மேன்மாடத்துச் சாளரத்தில் நின்று அதைப் பார்த்துப் பார்த்து வெந்தார். அங்கே ஒரு பூ உதிர்ந்தால், இங்கே அவருக்கு ஒரு கவளம் கூடுதலாக இறங்கியது.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் முகம் மலர்ந்தது. நேரே அவைக்கு விரைந்தார்.

"அரசே, தீக்குறி ஒன்று கண்டேன். ஆரத்தித் தட்டை நாம் எப்படிச் சுழற்றுவோம்?"

"வலமாகத்தான். அதற்கென்ன?"

"கீழைப் பந்தலின் கொடிகள் மூங்கிலை இடமாகச் சுற்றுகின்றன. தங்கள் தலைக்கு மேலேயே தீமை சுழல்கிறது."

அன்று காலையில்தான் மன்னர் வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொண்டிருந்தார். "அதனால்தானோ இது?" என்று விரலைத் தடவியவர், வடிவுடையாளை வரவழைத்தார்.

"கொடிக்குச் சுற்றும் போக்கை யாரும் கற்பிப்பதில்லை, மன்னா. அது விதையிலேயே இருக்கிறது. மாற்றிச் சுற்றினால் அவிழ்ந்துகொள்ளும்" என்றாள் அவள்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றார் கச்சிராயர். "பத்தே நாள் கொடுங்கள், அரசே. என் கொடிகளை வலமாகச் சுற்ற வைக்கிறேன்."

"நன்று. பத்தாம் நாள் இரண்டு பந்தலையும் பார்ப்பேன். கொடி வலமாகச் சுற்றினால் அதை வளர்த்தவர்க்கு வெள்ளிக் குடலை; இடமாகச் சுற்றினால் நந்தவனத்தை விட்டே வெளியேற வேண்டும்" என்று மன்னர் தீர்ப்பளித்தார்.

கச்சிராயர் மகிழ்ச்சியோடு ஏணியில் ஏறி, மேலிருந்து தம் கொடிகளைக் குனிந்து பார்த்தார், திடுக்கிட்டார். அவையும் இடமாகவே சுற்றியிருந்தன. தம் கொடியை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அவர் கண் எப்போதும் அடுத்த பந்தலிலேயே இருந்தது.

ஏணியில் நின்றபடியே ஒவ்வொரு கொடியையும் அவிழ்த்து, வலமாகச் சுற்றி, வாழைநாரால் கட்டினார். மறுநாள் நுனிகள் நழுவித் தொங்கின, மீண்டும் கட்டினார். எட்டாம் நாள் பந்தலில் இலையைவிட நாரே மிகுதியாகத் தெரிந்தது. வடிவுடையாளோ தண்ணீர் ஊற்றியதோடு சரி.

"கையைக் கட்டிக்கொண்டே தோற்கப்போகிறாயா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார் கச்சிராயர்.

"கொடிக்குத் தெரிந்த வேலையில் நான் ஏன் கை வைக்க வேண்டும், ஐயா?"

பத்தாம் நாள் மன்னர் அவையோருடன் கீழைப் பந்தலுக்கு வந்தார்.

"வழக்கம்போல் ஊஞ்சலில் சாய்ந்துகொள்ளுங்கள், மன்னா. அண்ணாந்து பார்த்து, கொடி ஏறும் வழியே விரலை ஓட்டுங்கள்" என்றாள் வடிவுடையாள்.

மன்னர் விரலை ஓட்டினார். ஆரத்தி சுற்றுவது போலவே விரல் வலமாகச் சுழன்றது.

"இது கண்கட்டு" என்று பதறினார் கச்சிராயர். "மேலே ஏறிப் பாருங்கள், அரசே."

"ஐயா சொல்வதும் சரிதான், ஏறிப் பாருங்கள். ஏணியை அவரே பிடித்துக்கொள்ளட்டும்" என்றாள் அவள்.

மன்னர் ஏறிப் பார்த்தார், இடம். இறங்கிப் பார்த்தார், வலம். மூன்று முறை ஏறி இறங்கியதில் மன்னருக்கு மூச்சு வாங்கியது. ஏணியைப் பிடித்தவருக்கு வியர்த்தது. பின்னர் மேலைப் பந்தலுக்குச் சென்று அண்ணாந்தார். நாரால் கட்டியவை எல்லாம் இடமாகச் சுற்றி வாடியிருந்தன. கட்டை மீறித் துளிர்த்தவை எல்லாம் வலமாகச் சென்றன.

"இது என்ன விந்தை?"

"விந்தை இல்லை, மன்னா. கொடி ஒன்றுதான், பார்ப்பவர் நிற்கும் இடம்தான் இரண்டு. அது மண்ணிலிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. அது போகும் திசையில் பார்த்தால் வலம். எதிரே நின்று பார்த்தால் இடம்."

மன்னர் திரும்பினார். "கச்சிராயரே, நீர் எங்கே நின்று பார்த்தீர்?"

"மேன்மாடத்தில், அரசே."

"ஒருநாளேனும் பந்தலின் கீழே வந்தீரா?"

கச்சிராயர் குனிந்து, உதிர்ந்து கிடந்த வாழைநாரைப் பொறுக்கத் தொடங்கினார்.

"அப்படியானால் என் கால்விரல் இடிபட்டதற்கு யார் பொறுப்பு?"

"வாசற்படி உயரம், மன்னா. தச்சரை அழையுங்கள்" என்றாள் வடிவுடையாள்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். வெள்ளிக் குடலையை அவள் கையில் கொடுத்துவிட்டு, "சொன்ன சொற்படி இவர் வெளியேற வேண்டும்" என்றார்.

"வேண்டாம், மன்னா. குடலை நிறையப் பூப்பறிக்க எனக்கு உயரமான ஆள் ஒருவர் தேவை."

திருவிழாக் காலையில் கச்சிராயர் முதன்முறையாக அந்தப் பந்தலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே வானத்தை மறைத்துக்கொண்டு நீலம் பூத்திருந்தது. அழகு என்று அவர் நெஞ்சு சொன்னது.

"இந்தப் பக்கத்துப் பூ சற்றுச் சிறியது" என்றது வாய்.

"அதையும் பறித்துப் போடுங்கள், ஐயா" என்று குடலையை நீட்டினாள் வடிவுடையாள்.

அதன்பின் அந்நாட்டில் எவரேனும் அண்டை வீட்டைக் குறைகூறத் தொடங்கினால், கேட்பவர் ஒன்றே ஒன்றுதான் வினவுவாராம்: "பந்தலுக்குள் வந்து பார்த்தீரா?"