அவள் வராத நாளின் நூல்

பவுன்தாய்க்கு நடந்தது அநியாயம். மில் இயந்திரத்தில் சிக்கிச் செத்தவளை, அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று சொல்லப் பார்த்தார்கள். வந்தாள் என்று ஒப்புக்கொண்டால் அவள் அம்மாவுக்கு நஷ்டஈடு தரவேண்டுமே!

மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் பயிற்சிக்கு வந்தவள் ஜெசிந்தா. பவுன்தாயோடு ஒரே விடுதி அறையில் இருந்தவள்.

"விசாரணைக்கு ஆபீசர் வர்றார். ஸ்கிரீன்ல பவுன்தாய்க்கு லீவுன்னு காட்டும்மா," என்றார் மேனேஜர் குழந்தைவேலு.

"ஸ்கிரீனை மட்டும் மாத்த முடியாது சார். உள்ளே இருக்கிற பதிவோட இணைச்சிருக்கேன். இங்கே மாத்தினா, அதைச் சேர்ந்த எல்லாமே மாறிடும்."

"மாறட்டுமே! எனக்கே பாடம் நடத்துறியா? தள்ளு."

அவரே 'லீவு' என்று தட்டினார். ஆபீசர் வந்ததும் பெருமையாகத் திரையைக் காட்டினார். காட்டும்போதுதான் அதன் கீழ்வரி அவர் கண்ணில் பட்டது. அன்றைய உற்பத்தியில் பவுன்தாயின் இயந்திரத்துக்கு நேராகப் பூஜ்யம்!

நூல் என்றால் அவருக்கு உயிர். செத்தவளுக்குப் பதறாதவர் இதற்குப் பதறினார்.

"ஏய், அன்னிக்கு அந்த மெஷின்ல ஓடின நூலெல்லாம் எங்கே? குடோன்ல அடுக்கினதை நானே பார்த்தேனே!"

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது பவுன்தாய் ஓட்டின நூல் சார். அவ வரலைன்னா, நூல் மட்டும் எப்படி வரும்?"