முன்தண்டுக்காரர்

அந்த மடத்தின் தலைவர் வயதில் சிறியவர். சீடர் கோமதிநாயகத்துக்குத் தலை நரைத்து வெகுநாளாகிவிட்டது. திருவிழாவில் சாமி பல்லக்கின் முன்தண்டைத் தோளில் வாங்குகிறவர் அவர்தான். மடாதிபதிகள் மாறினார்கள், அந்த இடம் மாறவில்லை.

இப்போது மாறும்போலிருந்தது. இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் ஒன்று நழுவி நரம்பை அழுத்தியது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

மடாதிபதியின் முன் நின்றபோது அவர் குனிந்து வணங்கவில்லை. முடியவில்லை என்பது பாதிக் காரணம்தான்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"ஆபரேஷன் செஞ்சு, ஸ்குரு போட்டு எலும்பை இணைக்கணுமாம். ஆனா இப்ப செய்ய மாட்டாங்களாம். சர்க்கரையை இறக்குங்க, மூக்குப்பொடி போடுறதை விடுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க. வலி முதுகுல சாமி. மூக்குக்கும் முதுகுக்கும் என்ன வழக்கு?"

"சர்க்கரை எப்படி ஏறிச்சு?"

"நான் வெளியில ஒரு காப்பி குடிச்சது கிடையாது. சாப்பிட்டதெல்லாம் பிரசாதம். சர்க்கரைப் பொங்கல், அப்பம், பஞ்சாமிர்தம். பிரசாதத்துல சர்க்கரை ஏறுமா?"

"ரத்தத்தைத்தான் பாத்தாங்க. யார் கையால வாங்கித் தின்னதுன்னு பாக்கல."

கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

"அந்த ஆஸ்பத்திரி முதலாளி நம்ம மடத்துக்கு வர்றவர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே செஞ்சிருவாங்க. மூணு மாசம் காத்திருந்தா திருவிழா முடிஞ்சிரும். நான் தூக்கக்கூட வேண்டாம். திருவிழாவுல தண்டைத் தொட்டுக்கிட்டு நடந்தாப் போதும். என் இடத்துல, பின்தண்டு தூக்குற அந்தப் பூதத்தான் தோள் கொடுக்கிறதை வாசல்ல உக்காந்து பாக்க மாட்டேன்."

"சொல்றேன். அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை."

வாகன மண்டபத்துக்கு அழைத்துப் போனார். கழித்துப் போட்ட பல்லக்குத் தண்டு ஒன்று இரண்டு முக்காலிகளின் மேல் கிடந்தது. மடாதிபதி ஓர் இரும்பு வளையமும் ஸ்குருவும் திருப்புளியும் எடுத்துக் கொடுத்தார்.

"இதை முனையில மாட்டும்."

ஸ்குரு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கோமதிநாயகம் வளையத்தை இரண்டு விரலால் இழுத்தார். ஸ்குருவோடு கையில் வந்தது. பின்னாலேயே மரத்தூள் கொட்டியது.

"ஸ்குரு மட்டமோ?"

"புது ஸ்குரு."

"போட்ட கை சரியில்லையோ?"

"என் கையைச் சொல்லாதீங்க. உளுத்த மரம் இது. யார் போட்டாலும் பிடிக்காது."

சொன்ன பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. திருப்புளியைத் தண்டின்மேல் சத்தம் வரும்படி வைத்தார்.

"நல்லா மடக்கிட்டீங்க. ஆனா நான் மரமில்ல. எனக்கு நாக்கு இருக்கு, மூக்கு இருக்கு, ரோஷமும் இருக்கு. மூணு மாசம் எல்லாத்தையும் கட்டிக்கிட்டுக் கெடக்க நான் என்ன தண்டா?"

மடாதிபதி தண்டின்மேல் கிடந்த மரத்தூளை ஊதினார்.

"சொல்றேன்னேன், சொல்லிருவேன். அவங்களும் செஞ்சிருவாங்க. ஆனா நீர் தண்டா இருந்தா இந்நேரம் அடுப்புக்குப் போயிருப்பீர். உளுத்த மரத்துல திரும்ப வைரம் பாயாது. சர்க்கரையும் பொடியும் விட்டா உம்ம எலும்புல பாயும்னு அந்த டாக்டரம்மா நம்புறாங்க. அதை நம்பாத ஆள் நீர் ஒருத்தர்தான்."