களைக்குக் கிடைத்த தண்டனை

முன்னொரு காலத்தில் கருவேங்கை நாட்டை அடலேறு பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சொம்பு மிளகாய்ச் சாறு குடித்துக் காட்டுவதுதான் வீரம் என்பது அவன் எண்ணம். மடைப்பள்ளி அதிகாரி ஆவுடைநாயகம் பக்கத்தில் நின்று, "பிரபு, எமன் குடித்தால்கூட இருமுவான்!" என்று ஏற்றிவிடுவார். குடல் புண்ணாகி, வயிற்றைப் பிடித்துக்கொண்டே ராஜா சபைக்கு வருவான். அந்த எரிச்சலில் சொல்லும் தீர்ப்பு எப்படி இருக்கும்? கேட்கவே வேண்டாம்!

"காரத்தை விட்டுக் கீரை சாப்பிடுங்கள், மகாராஜா" என்று மந்திரி செங்கோடர் சொல்லிப் பார்த்தார். "புலிக்குப் புல்லா?" என்று ஆவுடைநாயகம் சிரித்துக் கெடுத்தார்.

ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில், செண்பகத்தடியில், ஒரு மணத்தக்காளிச் செடி ராஜா கண்ணில் பட்டது. தோட்டக்காரி சடச்சி ஓடிவந்து கும்பிட்டாள். "குருவிங்க பழம் கொத்துதுங்க சாமி, பிடுங்க மனசு வரல."

"என் தோட்டத்தில் களையா? இவளைக் கழுவில் ஏற்றுங்கள்!"

"நியாயம்தான்" என்றார் செங்கோடர். "ஆனால் முதல் குற்றவாளி செடியல்லவா? பிடுங்கினால் குருவி மறுபடி விதைக்கும். எரித்தால் மழைக்கு முளைக்கும். அதைப் பூண்டோடு பொசுக்கும் அக்கினி ஒன்றுதான் உண்டு, தங்கள் வயிற்றில் எரிகிறதே, அது! வேகவைத்துத் தேங்காய்ப்பாலோடு தினமும் உண்ணுங்கள். காரம் மட்டும் உள்ளே போகக்கூடாது. அக்கினி அதோடு மல்லுக்கு நின்றால் களை தப்பித்துவிடும்."

"புலி புல்லைத் தின்பதா?" என்று பதறினார் ஆவுடைநாயகம்.

"தின்னவில்லை ஐயா, தண்டிக்கிறார். இலை பறிக்கச் சடச்சி இருக்கட்டும். களை ஒழிந்த மறுநாள் கழுவேற்றலாம்."

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்படியே ஆகட்டும்!"

சடச்சி பறிக்கப் பறிக்கச் செடி துளிர்த்தது. ராஜாவும் விடாமல் தண்டித்தான். ஒரு காலையில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தவன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். மந்திரியையும் ஆவுடைநாயகத்தையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக்கே ஓடிவந்தான்.

"மந்திரி, நெருப்பைக் காணோமே!"

"களை அணைத்துவிட்டது, மகாராஜா."

ராஜா மண்ணில் மண்டியிட்டு அந்தச் சின்ன இலையைத் தொட்டான். "கொல்லத்தானே தின்றேன்? இது என்னைப் பிழைக்கவைத்திருக்கிறதே! யார் நட்டது?"

"குருவி போட்ட விதை. யாரும் தண்ணீர்கூட ஊற்றவில்லை."

ராஜா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. யாரும் கேட்காமல் முளைத்து, வைதவனுக்கே மருந்தான அதிசயத்தை வேறெப்படிப் பார்ப்பது?

சடச்சி அழுதுகொண்டே வந்தாள். "சாமி, களை இன்னும் ஒழியலீங்க."

"தீர்ப்பு தீர்ப்புதான்" என்றான் ராஜா. "களை ஒழிந்த மறுநாள்தான் உனக்குக் கழு. ஆவுடைநாயகம்! அந்த மிளகாய்ச் சொம்பைக் கழுவி, தினமும் இதற்குத் தண்ணீர் ஊற்றுவது உம் வேலை. ஓர் இலை வாடினாலும் அன்றைய சாறு உமக்கு!" தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடர் கழுத்தில் போட்டான்.

சடச்சி பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்தாள். கருவேங்கை நாட்டில் அந்தக் களை இன்னும் ஒழிந்தபாடில்லையாம்.