மடைத்தலைவனுக்கு ஒரு பிடி அரிசி

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே! ராஜாக்கள் ஏரி வெட்டிப் பெயர் வாங்கிய காலம் அது. மடைக்குளம் என்றோர் ஊர். ஏரித் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று சொல்பவர் மடைத்தலைவர். அவரை ஊராரே ஆண்டுதோறும் பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஓர் ஆண்டு வயிரவன் என்ற பணக்காரன் போட்டியிட்டான். வீடு வீடாகப் போய், வெற்றிலையில் பொற்காசு வைத்துக் கொடுத்தான். அந்த ஊரில் வெற்றிலையோடு காசு கைமாறினால் பேரம் முடிந்தது என்று அர்த்தம். தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் துண்டு நிலம் வைத்திருந்த சடைச்சியும் வாங்கிக்கொண்டாள். தெரிந்தே வாங்கினாள், பாவி மகள்!

வயிரவன் வென்றான். தண்ணீரெல்லாம் அவன் வயலுக்கே பாய்ந்தது. சடைச்சியின் பயிர் வாடியது. ஒருமுறை போய்க் கேட்டாள், "நாளைக்கு" என்றான். மறுமுறை கேட்டாள், "பார்க்கலாம்" என்றான். மூன்றாம் முறை அழுதே விட்டாள்.

"என்ன சடைச்சி, மாடு வாங்கினவன் வித்தவனுக்குத் தினமும் பால் ஊத்துவானா? உன் ஓலைக்குத்தான் விலை குடுத்தாச்சே!" என்றான்.

பயிர் கருகியது. அவள் பிள்ளைகள் வெறுங்கீரை தின்று அந்த ஆண்டைக் கழித்தார்கள். ஆனால் அதன்பிறகு அவள் அழவில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன் ஊர்க்கூட்டத்தில் எழுந்தாள்.

"போட்டிக்கு நிக்கிறவங்க இனி நமக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. நாமதான் குடுக்கணும். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. பறையடிக்க, பந்தல் போட, போட்டிக்கு நிக்கிற எல்லாருக்கும் அந்த அரிசியிலதான் செலவு. அதுக்கு மேல ஒரு காசு இறைச்சவன் பேரு ஓலையில ஏறக் கூடாது!"

"நான் பிச்சையெடுக்கணுமா?" என்று வயிரவன் சிரித்தான். கைக்கு வரும் காசு போகிறதே என்று ஊராரும் முணுமுணுத்தார்கள்.

சடைச்சி விடவில்லை. முதல் நாள் வீடு வீடாகப் போனாள், கதவைச் சாத்தினார்கள். இரண்டாம் நாள் போனாள், திட்டினார்கள். மூன்றாம் நாள் கருகிய வைக்கோலை அள்ளிக்கொண்டு போய், "அந்தக் காசுக்கு விளைஞ்சது இதுதான்!" என்று வாசல்தோறும் போட்டாள். ஊர் தலைகுனிந்தது, சட்டமும் நிறைவேறியது.

வயிரவன் கையேந்த மறுத்து விலகினான். குயவன் பூதனும் வேறு இருவரும் ஊர் அரிசியில் போட்டியிட்டார்கள். பூதன் வென்றான்.

மறுநாள் காலையில் அவன் சடைச்சியின் வரப்பில் வந்து நின்றான்.

"அக்கா, உங்க சோத்தைத் தின்னு ஜெயிச்சவன் நான். தண்ணி என்னைக்கு வேணும், சொல்லுங்க."

தலைவனின் செலவை ஊர் ஏற்றால் அவன் ஊருக்கு உழைப்பான். ஊரை விலைக்கு வாங்கியவன் தனக்கே உழைப்பான்.