துண்டுக்குள்ளே உலக விலை

கரிசல்பட்டணத்து ராஜா உக்கிரசிங்க பூபதிக்கு இரண்டு விஷயங்களில்தான் அக்கறை. விடியற்காலையில் கர்லாக்கட்டை சுழற்றுவது ஒன்று, அதை நாலு பேர் புகழக் கேட்பது மற்றொன்று. மற்றதெல்லாம் மந்திரிகள் பாடு. குடியானவர்களிடம் பருத்தி வாங்கி விற்பது முழுக்க வர்த்தக மந்திரி அனந்தகீர்த்தியின் கையில் இருந்தது. அந்தக் கை செய்த கூத்துதான் இந்தக் கதை.

அரசவையில் வேடிக்கை பேசிச் சம்பளம் வாங்கும் வெயிலுகந்தானுக்கு அந்த மந்திரியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். பக்கத்து ஊருக்கு வழி தெரியாத மனுஷன், ஏழு கடலையும் அளந்தவர் மாதிரிப் பேசுவார்.

ஒருநாள் கொம்பையா என்ற குடியானவன் சபைக்கு வந்து கும்பிட்டான்.

"மகாராசா, நாலு நாளா சந்தையில பருத்தி வண்டியோட கெடக்கேன். போன மாசம் பொதி பத்துப் பணம்னாக. இன்னைக்கு மூணுங்காக. வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. நனைஞ்சா அம்புட்டும் போச்சு. வெதைக்குக் கூட மிஞ்சாது, சாமி."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது உலக விலை, மகாராஜா. எகிப்திலே நைல் நதியில் நல்ல வெள்ளம். பருத்தி கொட்டிக் கிடக்கிறது. சீனத்திலே தறிகள் நின்றுவிட்டன. நாம் என்ன செய்ய முடியும்?"

"போன வருஷம் நைல் நதி வற்றிப்போச்சு என்றீர்களே?" என்றான் வெயிலுகந்தான். "அப்போதும் விலை இறங்கியதே!"

"பருத்தியே இல்லையென்று வாங்குகிறவர்கள் சோர்ந்துவிட்டார்கள். உமக்கு இதெல்லாம் புரியாது."

"அதென்னமோ, வெள்ளம் வந்தாலும் வற்றினாலும் குடியானவன் வண்டி வந்து நிற்கும்போதுதான் விலை படுத்துக்கொள்கிறது."

மந்திரிக்கு மூக்கு சிவந்தது. "உலக விலைக்கு ஆள் தெரியாது! விற்பவன் யாராக இருந்தாலும் ஒரே விலைதான்!"

"யாராக இருந்தாலும்?"

"யாராக இருந்தாலும்!"

"அப்படியானால் நாளை காலை இந்தச் சபையிலேயே விலை பேசுங்கள். நடுவில் ஒரு படுதா. அதற்குப் பின்னால் ஒரே பருத்தியை விற்க இரண்டு பேர். விற்கிறவர் முகம் உங்களுக்குத் தெரியாது. கை மட்டும் வெளியே வரும்."

அந்த நாட்டுச் சந்தையில் வாயால் விலை சொல்வது வழக்கமில்லை. விற்பவன் கை, வாங்குபவன் கை இரண்டையும் ஒரு துண்டால் மூடிவிடுவார்கள். வாங்குபவன் எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை பணம். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. இதில் இருபது வருஷம் ஊறியவர் அனந்தகீர்த்தி. முகம் எதற்கு, கை போதாதா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"சம்மதம். இவன் சொன்னது பொய்யானால் நாட்டை விட்டே போகட்டும். கொம்பையாவும் வாயை மூடிக்கொண்டு மூன்று பணத்துக்கே கொடுத்துவிட வேண்டும்."

கொம்பையாவின் முகம் செத்துப்போனது. ஆனாலும் வெயிலுகந்தான் தலையாட்டிவிட்டான்.

மறுநாள் விடிந்ததும், ராஜா உடற்பயிற்சி செய்யும் இடத்துக்கு வெயிலுகந்தான் போனான். கர்லாக்கட்டையைக் கீழே வைக்கும்வரை காத்திருந்து, அவர் காதில் ஏதோ சொன்னான். ராஜாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அதைச் செய்து பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

சபை கூடியது. சிம்மாசனம் காலி. "மகாராஜா குளித்துவிட்டு வருகிறார், தொடங்கச் சொன்னார்" என்று காவலாளி அறிவித்தான். தட்டில் கொம்பையாவின் பருத்தி இருந்தது. விற்கிற இருவரும் படுதாவுக்குப் பின்னால் இருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் இதே பருத்திதான் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் கை வந்தது. துண்டுக்குள் மந்திரி அதைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மூன்று விரலைப் பிடித்தார். அந்தக் கை விடவில்லை, இன்னும் வேண்டும் என்று முறுக்கியது.

"அடேய்! நைல் நதியில் வெள்ளம்டா! முரண்டா பிடிக்கிறாய்? இந்தா!" ஒரு விரலை விட்டுவிட்டார். "இப்போது இரண்டு. மழை வரப்போகிறது, தெரியுமில்லையா? இஷ்டமிருந்தால் கொடு. இல்லாவிட்டால் நனைந்த பஞ்சைத் தலைக்கு வைத்துப் படு!"

இரண்டாவது கை வந்தது. பூப்போன்ற உள்ளங்கை, சந்தன வாசனை, விரலில் கனமான மோதிரம். மந்திரியின் குரல் குழைந்தது.

"வாருங்கள் ஐயா, வாருங்கள். நைல் நதி வெள்ளம் வடிந்துவிட்டதாகக் கேள்வி." ஐந்து விரலையும் சேர்த்து இரண்டு தடவை பிடித்தார். பத்துப் பணம்!

படுதா விழுந்தது.

சந்தனம் பூசிய கையோடு வெயிலுகந்தான் நின்றான். ஒரு நாளும் ஒரு வேலையும் செய்தறியாத கை அது! மோதிரம் அரண்மனையில் இரவல் வாங்கியது. பக்கத்தில், கர்லாக்கட்டை பிடித்துக் காய்த்துப்போன கையைத் தேய்த்துக்கொண்டு உக்கிரசிங்க பூபதி நின்றார்.

"என் கைக்கு இரண்டு பணமா, அனந்தகீர்த்தி?"

"மகாராஜா! காய்ப்பு இருந்ததா... குடியானவன் என்று நினைத்து..."

"கேட்டீர்களா, மகாராஜா?" என்றான் வெயிலுகந்தான். "வெள்ளமும் தறியும் கப்பலும் விலையை ஆட்டும்தான், பொய்யில்லை. ஆனால் நாலு மாசம் சரக்கைக் கிட்டங்கியில் பூட்டி வைத்துக் காத்திருக்க முடிந்தவனுக்கு ஒரு விலை, இன்றைக்கே விற்றாக வேண்டியவனுக்கு ஒரு விலை. அதை இவர் நைல் நதியில் பார்க்கவில்லை. உள்ளங்கையில் தடவிப் பார்க்கிறார்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். கொம்பையாவுக்குப் பொதிக்குப் பத்துப் பணம் அங்கேயே கிடைத்தது. மழைக்கு முன்னால் அவன் பருத்தி அரண்மனைக் கிட்டங்கிக்குள் ஏறியது. இனிச் சந்தையில் துண்டு கூடாது, விலையை உரக்கச் சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று.

பதவி பறிபோன மந்திரி காலில் விழுந்தார். "என் பிழைப்புக்கு ஒரு வழி சொல்லுங்கள், மகாராஜா!"

ராஜா வெயிலுகந்தானைப் பார்த்தார். அவன் மந்திரி பக்கம் திரும்பினான்.

"கொம்பையா காட்டில் பருத்தி எடுக்கப் போங்கள், மந்திரியாரே. கை நன்றாகக் காய்த்ததும் ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வாருங்கள். அன்றைய உலக விலை என்னவென்று உங்கள் கையைத் தடவிப் பார்த்து நான் சொல்கிறேன்."