அம்மனுக்கு ஒரு போர்வை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டு அரசருக்குக் காதுவலி வந்தது. அந்த நாட்டின் துன்பம் அங்கேதான் தொடங்கியது.

பூண்டெண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். ஒத்தடம் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தபாடில்லை. மூன்றாம் நாள் அரசர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சபைக்கு வந்தபோது, அங்கே இரண்டு பண்டிதர்கள் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கடவுள் உண்டு என்பவர். மற்றவர் இல்லை என்பவர். வெகுநேரம் இருவரும் நிதானமாகத்தான் பேசினார்கள். பிறகு உண்டு என்றவர், "கடவுளுக்கு அஞ்சாதவன் எந்தப் பாவத்துக்கு அஞ்சுவான்? இவர் வீட்டுக்குள் என்னென்ன நடக்கிறதோ!" என்றார். இல்லை என்றவர், "குழந்தைக்குப் பொம்மை, இவருக்குக் கடவுள். இரண்டையும் பிடுங்கினால் அழுகை ஒன்றுதான்" என்றார். அவ்வளவுதான். ஒருவருக்கு உதடு துடித்தது, மற்றவர் ஏடுகளை வீசி எறிந்தார், சபை இரண்டாகப் பிரிந்து கத்தியது.

அரசரின் காதுக்குள் யாரோ ஊசியைச் சுழற்றினாற்போல் இருந்தது. எழுந்து நின்றார்.

"இன்று முதல் எவன் நம்பிக்கையையும் எவனும் இழித்துப் பேசக் கூடாது. உண்டென்பவனும் சரி, இல்லையென்பவனும் சரி. எந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருகிறதோ, அந்த வாயில் நாக்கு இருக்கக் கூடாது. இதைச் செப்பேட்டில் வெட்டுங்கள்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். ஒருவன் மட்டும் சிரித்துவிட்டான். அவன்தான் வேம்பன், அந்தச் சபையின் விகடன்.

"எதற்குச் சிரித்தாய்?"

"காதுவலிக்கு நாக்கை அறுக்கும் வைத்தியத்தை இன்றுதான் கேள்விப்படுகிறேன், மன்னா."

வேறொரு நாளாக இருந்தால் அரசரும் சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. "அந்த வைத்தியத்தை நீயே செய். கத்தி உன் இடுப்பில் இருக்கட்டும். குற்றம் உறுதியானபின் உன் கை தயங்கினால், முதலில் போவது உன் நாக்கு."

கத்தியை எடுத்து வந்து கொடுத்தவர் அமைச்சர் மழவராயர். பத்து வருடமாக அவர் சபையில் பேசிய எதுவும் அவர் வீட்டார் நினைவில்கூட நின்றதில்லை. வேம்பன் காலையில் சொன்னது மாலைக்குள் சந்தையில் உலாவும். அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "பத்திரம், வேம்பா. ரொம்பக் கூர்மை" என்றார் கனிவாக.

பத்தே நாளில் ஊர் மாறிப்போனது. பூக்காரிகள் "சாமிக்கு வாங்கிட்டுப் போங்க" என்று கூவுவதை நிறுத்தினார்கள். சாமி இல்லை என்கிற ஒருவன் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டால்? துக்க வீட்டுக்குப் போனவர்கள், "எல்லாம் அவன்..." என்று ஆரம்பித்து, நடுவில் விழுங்கி, "குளிர் அதிகம்" என்று முடித்தார்கள். வேம்பன் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. அவனைக் கண்டதுமே சிரிக்கத் தயாராகும் முகங்கள் இப்போது அவன் இடுப்பைப் பார்த்தன. பால்காரர் ஒருவர் அவனுக்கு வணக்கம் சொல்லும்போது ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தன்னைக் கண்டு மனிதர்கள் பயப்படுவதை வேம்பன் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தான்.

அவனுக்கும் ஒரு பயம் இருந்தது. அது அவன் அக்காள் வீட்டில் இருந்தது.

அக்காள் உலகம்மை ஆற்றங்கரை அம்மன் கோயிலில் விளக்கேற்றுபவள். அவள் கணவர் கொற்றன் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுபவர். "எலும்பு தானாக் கூடுது. நான் நேரா வச்சுக் கட்டுறேன். நடுவுல எந்தச் சாமியும் வரல" என்பது அவருடைய கட்சி. இருபது வருடமாக ஒரு நாள் தவறாமல் அந்த வீட்டில் இந்த வழக்கு நடக்கிறது. அவர் அம்மனைக் கிண்டல் செய்வார், அவள் அவரைக் கிண்டல் செய்வாள், பிறகு கஞ்சி குடிப்பார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் இருவரும் பேசமாட்டார்கள். அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டது. "நீங்க கும்பிடாததாலதான்" என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. "உன் ஆத்தா எங்க போயிருந்தா?" என்று அவரும் ஒருபோதும் கேட்டதில்லை. எத்தனை கோபத்திலும் அந்தக் கோட்டை அவர்கள் தாண்டியதில்லை.

வேம்பன் ஓடிப்போய் அவர்கள் முன் நின்றான். "அக்கா, அத்தான், உங்க கால்ல விழறேன். கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீங்க."

"நாங்க என்ன ஊரையா பேசினோம்? எங்களுக்குள்ள பேசினோம்" என்றார் கொற்றன்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் மழவராயர் ஆள் நின்னா என்ன பண்ணுவீங்க அத்தான்? நேத்துக் காலையில என்ன பேசினீங்க, நெனச்சுப் பாருங்க."

கொற்றன் நினைத்துப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். உலகம்மை முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். வாசலில் ஈட்டிகளின் சத்தம் கேட்டது.

சபை நிறைந்திருந்தது. அக்காளும் அத்தானும் நடுவில் நின்றார்கள். வேம்பன் பக்கத்தில், கத்தியோடு. அவன் அந்தக் கத்தியைத் தூக்காவிட்டால் நாக்கு போகும். தூக்கினால் எல்லாமே போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட வேவுக்காரனுக்குச் சபையில் பேச உரிமை இல்லை என்பதால் மழவராயரே எழுந்தார். "மன்னா, இவன் அம்மனை இழித்தான். இவள் இவன் கொள்கையை இழித்தாள். கட்டளைப்படி ஆகட்டும்."

வேம்பன் செப்பேட்டைப் பார்த்தான். எந்த வாயிலிருந்து அந்தச் சொல் வருகிறதோ. எந்த வாயிலிருந்து. மழவராயர் பக்கம் திரும்பினான்.

"அமைச்சர் பெருமானே, 'இழித்தான்' என்றால் போதாது. சொன்ன சொல்லைச் சொன்னபடியே சபையில் சொல்லவேண்டும். அதுதானே இந்தச் சபையின் வழக்கம்?"

மழவராயருக்குச் சந்தோஷம்தான். மேலாடையைச் சரிசெய்துகொண்டார். "சொல்கிறேன். 'மார்கழிக் குளிர் தாங்கல, உன் கல்லுக்குக் குளிராதா? ஒரு போர்வை வாங்கிப் போத்து' என்றான் இவன். 'உயிர் போற நேரத்துல இந்த வாய்தான் ஆத்தா ஆத்தான்னு கத்தும், பாத்துக்கிட்டே இருங்க' என்றாள் இவள்."

பஞ்சடைத்த காதை அரசர் சாய்த்தார். "என்ன? உன் கல்லுக்குக் குளிராதா என்றானா? போர்வை வாங்கிப் போர்த்து என்றானா?" அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

அமைச்சருக்கு வேம்பன் விரித்த வலை அது. அரசரும் வந்து காலை வைத்துவிட்டார்.

அந்த உதட்டோர அசைவை மழவராயரும் கவனித்தார். பதறிப்போனார். "சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல, மன்னா. இவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது. தெய்வமே இல்லை என்பவன் வீட்டில் தெய்வம் எப்படிப் பிள்ளையைத் தங்கவிடும்? கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டது."

எதற்கும் பதில் வைத்திருக்கும் கொற்றன் தரையைப் பார்த்தார். அவர் விரல்கள், முறிந்த எலும்பைத் தேடுவதுபோல், தம் மணிக்கட்டையே தடவிக்கொண்டிருந்தன. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த உலகம்மையின் நடுக்கம் நின்றது. கணவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்படிச் சொல்லாதீங்கய்யா. எங்க ஆத்தா பிள்ளையப் பிடுங்கிட்டுப் போறவ இல்ல. இவரும் பிள்ளையக் கொன்னவரு இல்ல. மூணு நாள் மடிய விட்டு எறக்காம உக்காந்திருந்தாரு."

வேம்பன் கத்தியை உருவினான். நேராக மழவராயரிடம் போனான்.

"வாயைத் திறங்கள், ஐயா."

"என்ன?"

"அத்தான் சொன்னது உங்கள் வாயிலிருந்து வந்தது. அக்கா சொன்னதும் வந்தது. கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்றும் வந்தது. அது உண்டென்பவளையும் இழித்தது, இல்லையென்பவரையும் இழித்தது. எந்த வாயிலிருந்து வருகிறதோ என்றுதான் செப்பேட்டில் இருக்கிறது."

"மூடனே! புகார் சொல்ல வந்தவன் நான். பிறர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அதுவும் குற்றமென்றால், இப்போது அரசரும்தானே..."

மழவராயர் வாயை மூடிக்கொண்டார். தாமதமாகிவிட்டது. அரசரின் உதட்டில் இருந்த அசைவு அடங்கிவிட்டது.

ஓடலாமா என்று வேம்பன் ஒரு கணம் நினைத்தான். ஓடினால் கத்தி வேறொருவன் கைக்குப் போகும். அவன் தயங்கமாட்டான். வேம்பன் சிம்மாசனத்தை நோக்கி நடந்தான். பத்தடிதான். காவலர்களின் ஈட்டி முனைகள் அவன் கழுத்தைத் தொட்டன. அங்கேயே மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையிலும் கத்தியை ஏந்திக்கொண்டான்.

"மன்னா, அடியேனுக்கு வரிசை தெரியவில்லை. வெற்றிலையானாலும் விருதானாலும் இந்தச் சபையில் எதுவும் தங்களிடமிருந்துதான் தொடங்கும். இதையும் அப்படியே தொடங்குவதா, அமைச்சரிடம் தொடங்குவதா? அதன்பின் சொல்லை எழுதிக்கொண்ட சபை எழுத்தர்; அவரும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் எழுதினார். கடைசியில் என் அக்கா, அத்தான். எல்லாம் முடிந்தபிறகு, அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்ன என் நாக்கையும் நானே அறுத்துக்கொள்கிறேன். தாங்கள் சொன்னபடியே செய்வேன். கை தயங்காது."

கத்தியைச் சற்று உயர்த்தி நீட்டினான்.

அரசர் தம் நாக்கால் தம் பற்களை மெல்லத் தடவிப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது. ஈட்டி முனை ஒன்று வேம்பன் தோலைக் கீறியது. ஒரு சொட்டு ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று அவனுக்குப் பிற்பாடு சொல்லத் தெரியவில்லை.

முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள்கள் குலுங்கின. அரசர் வாய்விட்டுச் சிரித்தார். காதிலிருந்த பஞ்சு தெறித்து விழுந்தது. அவர் சிரித்து முடிக்கும் தறுவாயில்தான் சபைக்குச் சிரிக்கத் துணிவு வந்தது.

"ஈட்டியை எடுங்கள்" என்றார். பிறகு உலகம்மையைப் பார்த்தார். "அம்மா, போர்வைப் பேச்சு உனக்கு வலித்ததா?"

"அது எங்க வீட்டுப் பேச்சு, மகராசா. அதுல என்ன வலி? இந்த ஐயா சொன்னதுதான்..."

அரசரின் சிரிப்பு நின்றது. "செப்பேட்டை உருக்குங்கள். மழவராயரே, நாக்கு உம்மிடமே இருக்கட்டும். அதைக்கொண்டு இவர்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேளும்."

அத்தனை வருடம் சபையில் சரளமாகப் பேசிய அமைச்சருக்கு அந்த ஒரு சொல் வருவதற்கு வெகுநேரம் பிடித்தது.

அரசர் தம் தோளில் இருந்த பட்டுப் போர்வையை எடுத்து, இன்னும் மண்டியிட்டிருந்த வேம்பனின் மேல் போட்டார். "இது உனக்கு. அல்லது குளிர்கிற யாருக்காவது கொடு."

மறுநாள் காலை அந்தப் போர்வை ஆற்றங்கரை அம்மன் தோளில் இருந்தது. வேம்பன் அக்காள் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. கரண்டி பானையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. நாக்கு இருந்தும் இல்லாத வீடு ஆகிவிட்டதோ என்று வேம்பன் பயந்தான்.

கொற்றன் கஞ்சியைக் கீழே வைத்தார். "என்ன உலகு, இப்போ உன் ஆத்தாவுக்குக் குளிர் விட்டுச்சா?"

"ஏன் விடாது? போர்வை வேணும்னு வேண்டிக்கிட்டது நீங்கதானே? உடனே கேட்டுட்டா, பாருங்க!"

வேம்பன் சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை. சிரித்துக்கொண்டே ஒன்றை யோசித்தான். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் அத்தான் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். இருபது வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை.

அக்காள் வாசலைப் பார்க்கவில்லை.